வாகன நிறுத்துமிடத்தில் ஒரு கச்சேரி

கோடை விடுமுறையில் அமெரிக்காவிலுள்ள மகன், மகள் இல்லங்களுக்குச் சென்று தங்கும் பெரியோர் பலர். அவர்கள் ஆனி பிற்பகுதியிலிருந்து ஆடி முடிவதற்குள் பேரக் குழந்தைகளோடு ஒரு மாலைப் பொழுதேனும் சென்று காணத்தக்க காட்சி ஒன்று அந்நாட்டில் உண்டு. ‘டிரம் கோர்’ என்று அதற்குப் பெயர். பித்தளை ஊதுகருவிகளும் கொட்டுக் கருவிகளும் ஏந்திய இளைஞர் குழுக்கள் அமெரிக்கக் கால்பந்து மைதானம் முழுவதும் நடந்தும் ஓடியும், வட்டமாகவும் சதுரமாகவும் விரிந்தும் சுருங்கியும், வாசிப்பை நிறுத்தாமல் நிகழ்த்தும் கலை அது. கொடிகளைச் சுழற்றி ஆடுவோரும் உடன் வருவர். பள்ளிகளின் ‘மார்ச்சிங் பேண்டு’ இதன் உறவுக்கலை. அங்கே புல்லாங்குழலும் கிளாரினெட்டும் சேரும். டிரம் கோரில் அவை வழக்கமாக இடம்பெறுவதில்லை.

“பட்டாளத்து ஓசைக்குக் குழந்தையை அழைத்துப் போவானேன்?” என்று பாட்டிமார் தயங்குவது உண்டு. தயக்கத்துக்கு ஓரளவு நியாயமும் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் ஊர் திரும்பிய படைவீரர்களின் சங்கங்கள் ஆதரித்து வளர்த்த வழக்கம்தான் இது. பின்னாளில் அது இளைஞர்களின் கலையாக மாறிற்று. 1971ஆம் ஆண்டு ‘டிரம் கோர் இன்டர்நேஷனல்’ என்னும் அமைப்பு உருவாயிற்று. மறு ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டர் நகரில் அதன் முதல் இறுதிப்போட்டி நடந்தது. இப்போது இறுதிப்போட்டிக்கு இண்டியானாபோலிஸ் நகரின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியமே களம். அதற்கு முந்திய வாரங்களில் சான் அன்டோனியோ, அட்லாண்டா, ஆலன்டவுன் முதலிய ஊர்களிலும், எத்தனையோ சிற்றூர்ப் பள்ளி மைதானங்களிலும் குழுக்கள் வாசித்துக்கொண்டே நாட்டைச் சுற்றி வருகின்றன.

பெரிய குழு ஒன்றில் 150க்கும் மேற்பட்டோர் இருப்பர். பெரும்பாலோர் உயர்நிலைப் பள்ளியிலோ கல்லூரியிலோ பயில்பவர்கள். ஊதியம் கிடையாது, சேர்வதற்கு அவர்களே கட்டணம் செலுத்துகிறார்கள். இரவெல்லாம் பேருந்தில் பயணம். விடியலில் ஏதோ ஓர் ஊரின் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்துத் தரையில் படுக்கை விரித்துச் சிறிது உறக்கம். பிறகு வெயிலில் நாள் முழுதும் சாதகம். இவ்வளவும் மாலையில் சுமார் பன்னிரண்டு நிமிடம் வாசிப்பதற்காக! குருகுலத்தில் விடியற்காலைச் சாதகம் செய்த வித்வான்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இதன் அருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அரங்கின் இருக்கையில் அமர்ந்திருக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கு அந்த உழைப்பு தெரிவதில்லை. தொலைவில் எறும்பு வரிசைபோல் மனிதர்கள், பெரும் முழக்கம், கைத்தட்டல். வீட்டுத் திரையில் காண்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை என்றே அதற்குத் தோன்றக்கூடும். ஆகவே குழந்தையை முதலில் அழைத்துச் செல்ல வேண்டிய இடம் அரங்கம் அன்று. அரங்குக்கு வெளியேயுள்ள வாகன நிறுத்துமிடமும் அதை ஒட்டிய புல்வெளியுமே. தம் முறை வருவதற்கு முன் ஒவ்வொரு குழுவும் அத்தகைய ஓரிடத்தில் கூடிக் கையைப் பதப்படுத்திக்கொள்ளும். கொட்டுவோர் வில்போல் வளைந்து நிற்க, மெட்ரோனோம் கருவி ‘டக், டக்’ என்று காலம் காட்ட, ஆசிரியர் எதிரே நின்று கேட்பார். பல ஊர்களில் எவரும் அருகே நின்று இதைக் காணலாம். தேரோடும் வீதியில் தவில்காரருக்கு அருகே நடந்து கேட்டவர்க்கும் மாடியில் நின்று கேட்டவர்க்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்கள், இந்த இடத்தின் மதிப்பை உடனே உணர்வார்கள்.

அங்கே குழந்தைக்குக் காட்ட வேண்டியவை சில. ‘ஸ்நேர்’ என்னும் சிறு கொட்டு வாசிப்போர் எட்டு ஒன்பது பேர் நின்றாலும், குச்சிகள் அனைத்தும் ஒரே உயரத்துக்கு எழுந்து ஒரே கணத்தில் விழும். கண்ணை மூடிக் கேட்டால் ஒருவரே வாசிப்பது போலிருக்கும். அதைவிடச் சுவையானது ‘பாஸ் டிரம்’ வரிசை. சிறிதிலிருந்து பெரிதாக, பெரும்பாலும் ஐந்து பேரிகைகள். ஒரே சொற்கட்டை ஐவரும் பங்கிட்டுக்கொள்வர். ஒருவர் ஓர் அடி, அடுத்தவர் ஓர் அடி என்று தாளம் கைக்குக் கை தாவி ஓடும். ஒருவர் தவறினால் சொற்கட்டே உடைந்துவிடும். உடைந்தால் மீண்டும் தொடக்கத்திலிருந்து! வார இறுதியில் மிருதங்கம் பயிலும் பேரனுக்கு, “இன்னும் ஒரு தடவை” என்று தன் ஆசிரியர் சொல்வதன் பொருள் இங்கே விளங்கக்கூடும். வாசிப்போருக்கும் ஆசிரியருக்கும் இடையே குறுக்கே நடப்பதும், தரையில் வைத்த கருவிகளைத் தொடுவதும் கூடாது என்பதை மட்டும் முன்னதாகவே சொல்லி அழைத்துச் செல்ல வேண்டும்.

காதுகளைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று இதில் உண்டு. அதை அலட்சியம் செய்வதற்கில்லை. தொழிலாளர்க்கு 85 டெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வரம்பு என்றும், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்றும் அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபெலுக்குப் பதினைந்து நிமிடமே வரம்பு. வளர்ந்தவர்களுக்கே இப்படி என்றால் குழந்தைக்கு இன்னும் கவனம் தேவை. பஞ்சை உருட்டிக் காதில் வைக்கும் பழைய வழக்கம் அதிகம் பயன் தராது. தலைமீது வளைவாக அணியும் காதுறைகள் குழந்தைகளின் அளவிலேயே கடைகளில் கிடைக்கின்றன. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே வீட்டில் அணிவித்துப் பழக்கிவிடுவது நல்லது. புறப்படும் அவசரத்தில் புதிதாக மாட்டினால் கழற்றி எறிந்துவிடும். செவிக்கருவி அணியும் தாத்தாவும் அதன் ஒலியளவைக் குறைத்துக்கொள்ள மறக்கலாகாது.

அரங்கினுள் முன்வரிசை இருக்கைகளை நாடுவது பலரது இயல்பு. இங்கே அது வீண். ஒலிபெருக்கிகள் மைதானத்தின் முன்புறத்தில் இருப்பதால் ஓசை அங்கேதான் மிகுதி. உருவங்களோ மேலிருந்து பார்த்தால்தான் புலப்படும். மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராக, உயரத்தில் அமர்வதே உத்தமம். படியேறும் முழங்கால்களுக்கு அது தொல்லைதான். பாதி உயரத்தில் நின்றுகொள்வதில் குற்றமில்லை.

அங்கிருந்து பார்க்கும்போது கூர்மையான குழந்தை ஒரு கேள்வி கேட்கும்: “அவ்வளவு தூரத்தில் நின்று அடிக்கிறார்களே தாத்தா, எப்படி ஒன்றாகக் கேட்கிறது?” நல்ல கேள்வி. மைதானத்தின் அகலம் சுமார் 49 மீட்டர். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரே செல்வதால், பின்கோட்டில் அடித்த அடி முன்கோட்டை எட்ட ஏழில் ஒரு பங்கு நொடி ஆகிறது. விரைவான காலத்தில் அது பெரும் பிசகு. ஆகவே பின்னே நிற்கும் கொட்டு அணி, மேடைமீது நின்று கையசைக்கும் ‘டிரம் மேஜர்’ என்னும் தலைவரின் கைகளைக் கண்ணால் பின்பற்றும். முன்னே நிற்பவர்களோ பின்னாலிருந்து வரும் ஓசையைக் காதால் பின்பற்றுவர். முன்வரிசையில் மரிம்பா வாசிப்பவர் கண்ணை நம்பினால் கெட்டார்!

ஒரு மாலையில் பல குழுக்கள் வாசிப்பதால் நிகழ்ச்சி மூன்று மணி நேரம் வரை நீளலாம். மதிப்பெண் மிகுந்த குழுக்கள் பெரும்பாலும் இறுதியில்தான் வரும். குழந்தைக்கு அந்தக் கணக்கு ஒரு பொருட்டே அன்று. நூற்றுக்கு எத்தனை, தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை என்று பெரியவர்களும் அதனிடம் பேசாதிருப்பது நலம். மூன்று குழுக்களைக் கேட்டபின் கண் சொருகினால் எழுந்து வந்துவிடலாம். முதல் முழக்கத்திலேயே அழத் தொடங்கினாலும் பிடிவாதமாக அமர்த்தி வைக்கலாகாது. ஆனால் ஒரு குழு வாசித்துக்கொண்டிருக்கும்போது இருக்கையை விட்டு எழுவது மரியாதை அன்று; இடைவேளைக்குக் காத்திருக்க வேண்டும். இக்காரணத்தாலேயே நடைவழியை ஒட்டிய இருக்கைகள் வசதி.

கோடையில் செல்ல இயலாதோர்க்கும் வழியுண்டு. புரட்டாசி, ஐப்பசி மாதங்களின் வெள்ளிக்கிழமை இரவுகளில் உயர்நிலைப் பள்ளிகளின் கால்பந்தாட்ட இடைவேளையில் அப்பள்ளிப் பேண்டு வாசிக்கும். அண்டை வீட்டுப் பிள்ளையே அதில் டிரம்பெட் ஊதக்கூடும். மார்கழியில் கலிபோர்னியாவில் தங்குவோர் புத்தாண்டு நாளில் பாசடினா நகரின் ‘ரோஸ் பரேடு’ ஊர்வலத்தை வீதியோரத்தில் நின்றே காணலாம். அந்த நாள் ஞாயிறாக அமைந்தால் ஊர்வலம் மறுநாளுக்கு மாறும்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது மீண்டும் அந்த வாகன நிறுத்துமிடத்தின் வழியாகவே நடப்பது நல்லது. சற்றுமுன் மின்விளக்கில் பளபளத்த அதே இளைஞர்கள், வியர்வை காயாமல், பேரிகைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். ஒருவன் தரையில் அமர்ந்து இரவு உணவு உண்பான்; ஒருத்தி குச்சிகளைப் பையில் அடுக்குவாள். பேருந்துகள் அடுத்த ஊருக்குப் புறப்படக் காத்து நிற்கும்.