தொலைவிலிருந்து புள்ளியியல்

என் அக்காள் பகலில் ஒரு கிடங்கில் கணக்கராகப் பணியாற்றுகிறார்; இரவில் தொலைக்கல்வி வழியாகப் பட்டப்படிப்புப் படிக்கிறார். மற்றப் பாடங்களில் தேர்ச்சி பெற்ற அவர், புள்ளியியலில் மட்டும் இருமுறை தவறினார். விரிவுரைக் காணொலிகள் அனைத்தும் அவருடைய கணினியில் இருந்தன. அவருடைய விடையைப் பார்த்து, “ஏன் இப்படிக் கணக்கிட்டீர்கள்?” என்று கேட்பதற்குத்தான் ஆசிரியர் இல்லை.

தொலைக்கல்வி நமக்குப் புதிதன்று. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டிலேயே அதனைத் தொடங்கிவிட்டது. அதே ஆண்டில்தான் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் முதல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கியது. ஆனால், புள்ளியியல் வரலாற்றைப் போல் படித்தே புரிந்துகொள்ளும் பாடம் அன்று. (வரலாற்று ஆசிரியர்கள் என்னை மன்னிப்பார்களாக!)

ஐந்து பேர் வேலைக்குச் செல்ல 10, 15, 15, 20, 90 நிமிடங்கள் எடுத்துக்கொள்கின்றனர் எனக் கொள்வோம். சராசரி 30 நிமிடம். கணினி இதனை நொடியில் கூறிவிடும். ஆனால், ஐவரில் நால்வர் அதைவிடக் குறைந்த நேரத்தில் சென்றுவிடுகின்றனர். வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணோ 15தான். இவ்விரண்டில் எதனைச் சொல்வது நேர்மை? 90 நிமிடம் எடுத்தவரைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாமா? காணொலி இவற்றை விளக்கலாம். மாணவர் தரும் காரணம் சரியா என்று அதனால் சொல்ல இயலாது.

ஆகவே, பல்கலைக்கழகங்கள் காணொலிகளைப் பெருக்குவதைவிட, பயிற்சிகளைத் திருத்திக் கருத்துரைக்கும் ஆசிரியர்களுக்கே அதிகம் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. இதனால் கட்டணம் உயரலாம் என்பது உண்மைதான். ஆயினும், ஒரே பாடத்துக்கு மூன்று முறை பணம் கட்டுவது மட்டும் சிக்கனமா?

தொலைவினால் நன்மையும் உண்டு. தொலைக்கல்வி மாணவர்களுள் ஒருவர் கோலாலம்பூரில் இருப்பார். மற்றொருவர் கேமரன் மலையில் இருப்பார். இன்னொருவர் சபாவில் இருப்பார். அவர்கள் தங்கள் பயண நேரத்தைக் குறித்து அனுப்பினால், பாடநூலில் அச்சிட்ட எண்களைவிட வளமான தரவு கிடைக்கும். அப்போது அந்த 90, வெறும் எண்ணாகத் தோன்றாது. தினமும் இரண்டு பேருந்து மாறி வேலைக்குச் செல்லும் சக மாணவராகத் தெரியும்.

அக்காள் மூன்றாம் முறையாகப் பதிந்திருக்கிறார். இம்முறை, வாரந்தோறும் புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, ஆசிரியர் ஒருவர் மாணவர்களின் விடைகளைத் திரையில் காட்டி, அவர்களோடு விவாதிக்கிறாராம். அன்று மட்டும் எங்கள் வீட்டில் இரவு உணவு எட்டு மணிக்கே முடிந்துவிடுகிறது.