ஓர் இரவு தங்கும் விருந்தாளி

ஈப்போ நகரின் தாமான்களிலும் பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டப்புறங்களிலும் முதியோர் பலர் தனியாக வாழ்கின்றனர். பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்கின்றனர். “இந்த வயதில் தனியாக ஏன் இருக்க வேண்டும்? எங்களோடு வந்துவிடுங்கள்” என்று அவர்கள் பெற்றோரை அழைக்கின்றனர். அந்த அழைப்பில் அன்பு இருக்கிறது. ஆயினும், தனியாக வாழ்வதையும் தனிமையில் வாடுவதையும் ஒன்றென எண்ணுவது சரியன்று.

தோட்டத்தில் லயத்து வீடுகள் ஒரே கூரையின்கீழ் வரிசையாக இருந்தன. ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும். வீடும் நிர்வாகத்துக்கே சொந்தம். வேலை போனால் வீடும் போகும். பின்னர், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும் பல குடும்பங்கள் வெளியேறின. அப்படி வெளியேறி, சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கிய வீட்டை விட்டுவர ஒரு பாட்டி மறுத்தால், அதைப் பிடிவாதம் என்று சொல்லலாமா? தம் பெயரில் அவர் பெற்ற முதல் வீடு அதுதான்.

அதே பாட்டி, உறவினர் வருகிறார்கள் என்றால் மெத்தையை வெயிலில் காய வைக்கிறார். தலையணை உறைகளை மாற்றுகிறார். தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலுக்கு வருவோர் தம் வீட்டில் தங்க வேண்டும் என விரும்புகிறார். திருவள்ளுவர் தனி அதிகாரம் வகுத்துச் சிறப்பித்த விருந்தோம்பல், இங்கு இன்னொரு வகையிலும் பயன்படுகிறது. பிள்ளை வீட்டில் அவர் பராமரிக்கப்படுபவர்; விருந்தாளி வந்த தம் வீட்டில் அவரே மற்றவரைப் பராமரிப்பவர்.

ஆனால், தங்கும் விருந்தாளிகள் குறைந்து வருகின்றனர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994ஆம் ஆண்டில் முழுமையடைந்தது. 2010ஆம் ஆண்டு முதல் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே மின்சார ரயிலும் ஓடுகிறது. பயணம் எளிதானதால் காலையில் வந்து மாலையிலேயே திரும்பிவிட முடிகிறது. பகலில் வருபவர் பாட்டியின் சிரித்த முகத்தையும் சமைத்த உணவையும் மட்டுமே காண்கிறார். இரவு தங்குபவரோ குளியலறை விளக்கு எரியாததையும், மாத்திரை தீர்ந்துபோனதையும், அவர் தூங்காமல் விழித்திருப்பதையும் அறிகிறார். மனம் விட்டுப் பேசுவதும் பெரும்பாலும் இரவு உணவுக்குப் பின்னரே.

தனியாக இருப்பவர் வழுக்கி விழுந்தால் என்ன செய்வது என்னும் அச்சம் நியாயமானதே. நாள்தோறும் ஒரு தொலைபேசி அழைப்பு, நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம் ஒரு சாவி ஆகியவை அந்த ஆபத்தைக் குறைக்கும். எந்நேரமும் துணை தேவைப்படும் அளவுக்கு உடல் தளர்ந்தவர் பிள்ளைகளோடு இருப்பதே நல்லது. மற்றவர்களை வற்புறுத்தி அழைத்துச் செல்லத் தேவையில்லை.

விருந்தாளிக்கும் கடமை உண்டு. முன்கூட்டியே சொல்லிவிட்டு வர வேண்டும். உண்ட தட்டைக் கழுவ வேண்டும். பாட்டியின் அடுப்படியைத் தம் விருப்பப்படி மாற்றி அடுக்கக் கூடாது.

அடுத்த பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகள், “எங்களோடு வந்துவிடுங்கள், பாட்டி” என்பதற்குப் பதிலாக, “இரண்டு நாள் உங்களோடு வந்து தங்கலாமா, பாட்டி?” என்று கேட்டுப் பார்க்கட்டும். அன்றே அந்த வீட்டின் மெத்தை வெயிலுக்கு வந்துவிடும்.