கணவன், மனைவி சேர்ந்து ஒரு வாரம் லீவு... சம்பளம் பிடிப்பாங்களா?

அஞ்சுகிராமத்தில் ஒரு தம்பதி. கணவருக்கு நாகர்கோவில் ஜவுளிக்கடையில் வேலை, மனைவிக்கு முந்திரி ஆலையில் வேலை என வைத்துக்கொள்வோம். மழைக்கு முன்னாடி ஓடு மாற்றி, வெள்ளையடிக்கணும். ஒரு நாள் வட்டக்கோட்டை, இன்னொரு நாள் கன்னியாகுமரி கண்ணாடிப் பாலம். லீவு கிடைக்கும். சம்பளம்?

கடை ஊழியருக்கு 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். தொடர்ந்து 12 மாதம் வேலை பார்த்திருந்தால், அடுத்த 12 மாதத்தில் 12 நாள் சம்பளத்துடன் விடுமுறை. எடுக்காவிட்டால் 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். இது தெரியாமலேயே பலர் சம்பளத்தை விட்டுக்கொடுக்கிறார்கள்.

ஆலைத் தொழிலாளிக்குக் கணக்கு வேறு. 20 நாள் வேலைக்கு 1 நாள் லீவு. முன்பு இதற்கு ஆண்டுக்கு 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 180 நாளாகக் குறைந்திருக்கிறது. 180 நாள் வேலை பார்த்திருந்தால் 9 நாள் லீவு, ஒரு வாரத்துக்குத் தாராளம். விட்டுவிட்டு வேலை கிடைப்பவர்களுக்கு இது பெரிய மாற்றம்தான்.

சிக்கல் என்னன்னா, இருவருக்கும் ஒரே வாரத்தில் லீவு தரணும்னு எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முன்கூட்டியே எழுதிக் கொடுத்துக் கேட்பதுதான் வழி.

சரி, அந்த ஓடு மாற்ற வரும் கொத்தனார்? தினக்கூலிதான். அவர் ஒரு வாரம் லீவு போட்டால், ஒரு வாரக் கூலி போச்சு.