எபிரேயம் பயில்வோரும் ஊக்கமும்

பிறமொழி ஒன்றைக் கற்கத் தொடங்குவோர் பலர். கற்று முடிப்போர் சிலர். இஃது எம்மொழிக்கும் பொதுவான உண்மையே எனினும், எபிரேய மொழியைப் பொறுத்தவரை இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் தகும். விவிலியத்தை மூலத்திற் படிக்க விழையும் இறையியல் மாணவரும், மொழிநூல் ஆராய்ச்சியில் ஈடுபடுவோரும், இக்கால எபிரேய இலக்கியத்தை அறிய விரும்புவோரும் இம்மொழியைப் பேராவலோடு தொடங்குகின்றனர். சில திங்களுள் அவருட் பலர் நூலை மூடிவைத்து விடுகின்றனர். காரணம் வினவினால், ஊக்கம் குன்றிவிட்டது என்பர். ஆசிரியரோ ஊக்கத்தைக் கைவிடலாகாது என அறிவுரை கூறுவதோடு அமைவர்.

இவ்வறிவுரையால் விளையும் பயன் யாதுமில்லை என்பதே எமது கருத்து. ஊக்கத்தை நாம் ஒரு கைம்முதலாக எண்ணிவிடுகிறோம். கற்கப் புகும்போதே அதனைக் கொண்டுவந்து நாள்தோறும் செலவழிப்பதாகக் கருதுகிறோம். உண்மையில் அது கற்றலின் விளைச்சல். இன்று படித்த பாடம் இன்றே ஏதேனும் ஒரு பொருளை விளங்க வைக்குமாயின், நாளையும் படிக்கும் விருப்பம் தானே பிறக்கும். விளங்க வைக்காவிடின் எத்துணை உறுதி படைத்தோரும் சோர்வர். ஆதலின், மாணவனது மனத்தைக் குறைகூறுவதை விடுத்துப் பாடத்தின் ஒழுங்கையே நாம் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

எபிரேயம் பயில்வோன் இடறும் இடங்கள் மூன்று. அவற்றுள் முதலாவது எழுத்து. மெய்யெழுத்துக்கள் 22, வலமிருந்து இடமாக எழுதப்படுவன, அவற்றுள் ஐந்து, சொல்லின் இறுதியில் வேறு வடிவு கொள்வன. பேத்தும் காப்பும், தாலெத்தும் ரேஷும் புதிய கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றும். 247 எழுத்துக்களை இளமையிலேயே கற்றுவிட்ட தமிழ் மாணவனுக்கு இஃது ஒரு பாரமன்று. ஆயினும், பொருளற்ற எழுத்துக்களையே வாரக்கணக்கில் எழுதிப் பழகுமாறு பணித்தால் அவன் சலிப்படைவது இயல்பே.

இதற்கு மாற்றுவழி அவன் நாவிலேயே உள்ளது. பெத்லகேம் என்னும் ஊர்ப்பெயரை அறியாதார் யார்? எபிரேயத்தில் 'பேத்' என்பது வீடு. 'லெஹெம்' என்பது அப்பம். அப்பத்தின் வீடு என்பது அப்பெயரின் பொருள். தமிழில் அப்பம் முன்னும் வீடு பின்னுமாக நிற்க, எபிரேயத்தில் வீடு முன்னே நிற்பதையும் இவ்வொரு சொல்லே கற்பித்துவிடுகிறது. அவ்வாறே இம்மானுவேல் என்னும் பெயரைப் பிரித்தால், நம்மோடு கடவுள் என்பது பெறப்படும். அல்லேலூயா என்பதில் துதியுங்கள் என்னும் ஏவலும் இறைவன் பெயரின் சுருக்கமும் உள. வாழ்நாள் முழுதும் ஒலித்த சொற்களின் பொருளை முதன்முறையாகத் தன் கண்ணாலேயே எழுத்துக்கூட்டிக் காண்பவன், மறுநாளும் பாடத்துக்கு வருவான். அரபு எழுத்தை ஓதிப் பழகிய முஸ்லிம் மாணவருக்கோ இவ்வழி மேலும் எளிது. 'பைத்' என்னும் அரபுச் சொல்லும் வீட்டையே குறிக்கும். 'சலாம்' எபிரேயத்தில் 'ஷாலோம்' ஆகும். எழுதும் திசையும் ஒன்றே.

இரண்டாவது இடறல் உயிரொலி பற்றியது. பழைய எபிரேய எழுத்தில் உயிரொலிகளைக் காட்டத் தனிக் குறிகள் இல்லை. இன்று விவிலியப் பதிப்புக்களிற் காணும் புள்ளிகளும் கோடுகளும் கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில், மசோரேத்தியர் எனப்படும் அறிஞரால் அமைக்கப்பட்டவை. திருநூலும் கவிதையும் சிறுவர் நூல்களும் இக்குறிகளோடு அச்சாகின்றன. நாளேடுகளும் நாவல்களும் பெரும்பாலும் அவையின்றியே வெளிவருகின்றன. குறிகளோடு ஓராண்டு பயின்றவன் ஒருநாள் நாளேட்டைக் கையில் எடுக்கின்றான். ஒரு வரியும் ஓடவில்லை. தான் கற்றதெல்லாம் வீண் என்று முடிவு கட்டுகின்றான்.

இவ்விடர்ப்பாட்டை இஸ்ரேலில் பத்திரிகையாளர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். 'தவார்' என்னும் நாளேட்டின் சார்பில் 1951ஆம் ஆண்டில் 'ஓமேர்' என்னும் ஏடு தொடங்கப்பட்டது. எளிய நடையில், உயிர்க்குறிகளோடு, புதிதாகக் குடியேறியவர்க்கென அது அச்சிடப்பட்டது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வளர்ந்தவர்க்குக் குழந்தைப் பாடங்களை அது கொடுக்கவில்லை. ஊரார் அனைவரும் பேசிய அதே அன்றாடச் செய்தியை, அவர் தாங்கக்கூடிய மொழியில் கொடுத்தது. நாற்பது வயதுடைய ஒருவர் பூனையையும் பந்தையும் பற்றிய வாக்கியங்களையே மாதக்கணக்கில் வாசிக்க நேர்ந்தால், மொழியின் கடினத்திலும் பார்க்க நாணமே அவரை விரைவிற் கொல்லும். எளிய மொழி வேறு. சிறுபிள்ளைத்தனமான பொருள் வேறு. பாடநூல் எழுதுவோர் இவ்வேற்றுமையை மறத்தலாகாது.

மூன்றாவது இடறல் வினைச்சொல். பெரும்பாலும் மூன்று மெய்களாலான வேர். அதனை வார்க்கும் ஏழு அச்சுக்கள். வேரில் மெலிந்த எழுத்து வருமிடத்து நேரும் திரிபுகள். இவற்றைப் பட்டியலிட்டால் பக்கங்கள் நிறைந்துவிடும். தமிழிற் பகுதியோடு விகுதி சென்று சேரும். எபிரேயத்திலோ வேரின் உள்ளேயே உயிரொலிகள் புகுந்து பொருளை மாற்றும். இது நமக்குப் புதிது. ஆனால், அஞ்சவைக்கும் இவ்வமைப்பே இம்மொழியின் பெருஞ் செல்வமுமாகும். க-த-வ என்னும் வேரை அறிந்தவன், 'காத்தவ்' (எழுதினான்), 'மிக்தாவ்' (கடிதம்), 'கெத்தோவெத்' (முகவரி) என்பவற்றை ஒரே குடும்பமாகக் காண்பான். ஆமென் என்பதன் வேரை அறிந்தவனுக்கு நம்பிக்கையைக் குறிக்கும் 'எமுனா'வும் உண்மையைக் குறிக்கும் 'எமெத்'தும் உறவினராகத் தோன்றும். ஒரு சொல்லைக் கற்கப் போய் மூன்றைப் பெற்று மீள்வதினும் ஊக்கந் தருவது வேறு யாதுளது?

இலக்கண அடிப்படை இன்றி வாசிக்கப் புகுவது மணலிற் கட்டிய வீடாகும் என்பார் ஒரு சாரார். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. வினைத்திரிபை ஒருபோதும் ஒழுங்காகக் கல்லாதவன் இறுதிவரை ஊகித்தே வாசிப்பான். ஆயின், எம் வழக்கு இலக்கணம் வேண்டாம் என்பதன்று. அது வரவேண்டிய நேரம் பற்றியதே. விவிலியத்தின் யோனா நூல் நான்கே அதிகாரம், 48 வசனங்கள். ரூத்தின் கதையும் நான்கு அதிகாரமே, 85 வசனங்கள். எழுத்தும் அடிப்படைச் சொற்களும் அறிந்தவன், நாளுக்கு ஒரு வசனமாக ஆசிரியர் துணையுடன் சென்றால், ஏழு வாரத்தில் யோனாவை முடித்துவிடலாம். கதைகூறும் இறந்தகால வினைவடிவம் அங்கே வரிக்கு வரி வருகின்றது. பத்து முறை கண்டபின் அவ்வடிவின் பட்டியலைக் காட்டினால், அது தான் முன்பே கண்டவற்றின் தொகுப்பு என மாணவன் மகிழ்வான். காணுமுன் காட்டினால் அது வெறும் சுமையே. அன்றியும், ஒரு நூலை முதல் எழுத்திலிருந்து இறுதி எழுத்துவரை மூலத்திற் படித்து முடித்தேன் என்னும் நிறைவு எந்தப் பரீட்சைச் சான்றிதழும் தரவியலாதது.

விவிலிய எபிரேயமா, இக்கால எபிரேயமா என்பதையும் தொடக்கத்திலேயே துணிதல் வேண்டும். வேர்கள் பொது, ஆனால், வினையின் காலப் பாகுபாடும் வாக்கிய நடையும் வேறாகிவிட்டன. இரண்டையும் ஒருங்கே பற்றுவோன் இரண்டிலும் தளர்வான். ஒன்றில் நிலைபெற்றபின் மற்றையது எளிதில் வசமாகும்.

தனித்திருந்து கற்போர், பிறந்தநாள் தொட்டுப் பேசாத மொழி நமக்கு வருமா என ஐயுறுவதுண்டு. அவர்க்கு இம்மொழியின் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த விடை இல்லை. பல நூற்றாண்டுகளாக எபிரேயம் வழிபாட்டிலும் எழுத்திலும் வாழ்ந்ததேயன்றி, வீட்டுமொழியாக வழங்கவில்லை. 1881இல் பாலஸ்தீனத்திற் குடியேறிய எலியேசர் பென் யெஹுதா, 1882இற் பிறந்த தம் மகனை எபிரேயத்திலேயே வளர்த்தார். அகராதியைக் குறிக்க ஒரு தனிச்சொல் இல்லாமையால் 'மிலோன்' என்னும் சொல்லை அவரே ஆக்கவேண்டியிருந்தது. 1949இல் எருசலேமில் முதலாவது 'உல்பான்' எனப்படும் மொழிப்பள்ளி தோன்றியபோது, பல தேசங்களிலிருந்து வந்த வளர்ந்தோர்க்கு எபிரேயமே எபிரேயத்தின் வாயிலாகக் கற்பிக்கப்பட்டது. இன்று அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் பலரின் பாட்டனும் பாட்டியும் தட்டுத்தடுமாறிக் கற்ற மாணாக்கரே. தொடக்க மாணாக்கரால் மீண்டும் பேச்சுமொழியான ஒன்றைக் கற்பவன், தன் தடுமாற்றத்துக்கு நாணவேண்டியதில்லை.

ஆசிரியர்க்கு ஒரு சொல். கற்றலைக் குறிக்கும் ல-ம-த என்னும் வேரிலிருந்தே கற்பித்தல், மாணவன் என்னும் பொருளுடைய சொற்களும் பிறக்கின்றன. மாட்டை ஓட்டும் தாற்றுக்கோலின் பெயரான 'மல்மாத்'தும் அவ்வேரினதே. அக்கோலையே நாம் நெடுங்காலம் நம்பிவிட்டோம். வகுப்பு முடிந்து செல்லும் ஒவ்வொரு மாணவனும் அன்று காலை அறியாத ஒரு வரியை மாலையில் தானே வாசிக்கும்படி செய்வோமாயின், கோலுக்கு வேலை இராது.