ஓர் இரவுக்கு நாற்பது நாட்கள்

முதலியார்பேட்டைக்காரர்களுக்கு நெசவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்கள் இன்றும் ரோடியர் மில் என்றே குறிப்பிடும் ஏ.எப்.டி. ஆலை 1898இல் தொடங்கியது. பல தலைமுறைகளின் பொழுதை அதன் சங்கொலிதான் வகுத்தது. 2020இல் ஆலை மூடப்பட்டுவிட்டாலும், அங்கே உழைத்து ஓய்ந்தவர்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெரியவர் சொல்வார்: "பாவுக்குக் கஞ்சி சரியா ஏறலைன்னா நூல் அறுந்துகிட்டேதான் இருக்கும் தம்பி. அப்புறம் தறியைத் திட்டி என்ன பிரயோசனம்?"

இதை அவர் என்னிடம் முதன்முதலில் சொன்னது தறியைப் பற்றி அன்று. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய சனிக்கிழமை இரவு, கோயிலிலிருந்து இருவரும் வீடு திரும்பியபோது சொன்னது.

அந்த இரவு வழிபாட்டுக்குப் பாஸ்கா திருவிழிப்பு என்று பெயர். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். பொழுது சாய்ந்தபின் விளக்குகள் அணைக்கப்பட்டு, கோயிலுக்கு வெளியே புதுத் தீ மூட்டப்படும். சிலுவையும், கிரேக்க எழுத்துகளின் முதலும் கடைசியும், அந்த ஆண்டின் நான்கு எண்களும் பொறித்த பெரிய மெழுகுதிரியை அத்தீயில் ஏற்றி, இருண்ட கோயிலுக்குள் கொண்டு செல்வர். அதிலிருந்து ஒவ்வொருவர் கைத்திரிக்கும் ஒளி பரவும். பின்னர் ஒன்பது வாசகங்கள். பழைய ஏற்பாட்டில் ஏழு, புதிய ஏற்பாட்டில் இரண்டு. உலகப் படைப்பில் தொடங்கி, அடிமைகள் கடலைக் கடந்து விடுதலை பெற்ற வரலாறு வழியாக, வெறுமையான கல்லறைவரை அவை செல்லும். அடுத்துத் திருமுழுக்கு, இறுதியாக நற்கருணை. நிதானமாகச் செய்தால் மூன்று மணி நேரம் ஆகும்.

நீண்ட இரவு வழிபாடு நம் மண்ணுக்குப் புதிதன்று. சிவராத்திரிக்கு நான்கு சாமமும் விழித்திருப்போர் நம்மிடையே உண்டு. ரமலான் இரவுகளில் நெடுநேரம் நின்று தொழுவோரும் உண்டு. விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்த ஊர்தானே நமது? எனவே, "இந்தக் காலத்தில் யார் மூன்று மணி நேரம் உட்காருவார்கள்?" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. மக்களுக்குப் பொறுமை இல்லை என்பது பழி. நம்மிடம் தயாரிப்பு இல்லை என்பதே உண்மை.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். எந்தக் கோயில் என்பது இங்கே தேவையில்லை. தீ மூட்ட வைத்திருந்த விறகு ஈரம். திரியில் நெருப்புப் பற்றவே கால் மணி நேரம் போயிற்று. செங்கடல் வாசகத்துக்கு உரியவர் வரவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் கையில் புத்தகத்தைத் திணித்தார்கள். அவர் தடுமாறித் தடுமாறி வாசித்தபோது, இஸ்ரயேலர் கடலைக் கடந்தார்களா என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. பாடகர் குழுவுக்கும் ஒலிபெருக்கிக்கும் தனிப் போராட்டம். கூட்டத்தில் பாதி, நற்கருணைக்கு முன்பே செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டது.

அடுத்த ஆண்டு கண்ட பரிகாரம் என்ன தெரியுமா? வாசகங்களைக் குறைத்தார்கள்! தேவைப்பட்டால் பழைய ஏற்பாட்டு வாசகங்களை மூன்றாகக் குறைத்துக்கொள்ளத் திருச்சபை இடம் தருவது உண்மைதான். முதியவர்களையும், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களையும் எண்ணிச் செய்வதானால் அதில் குறை காண மாட்டேன். ஆனால், நூல் அறுகிறதென்று துணியின் நீளத்தைக் குறைப்பது என்ன நியாயம்? பல நூற்றாண்டுகள் சனிக்கிழமைக் காலையிலேயே ஒப்புக்கு நடத்தி முடிக்கப்பட்ட வழிபாடு இது. 1951இல் பன்னிரண்டாம் பயஸ் அதனை மீண்டும் இரவுக்குக் கொண்டுவந்தார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கு வழி திறந்தது. இரவும் கிடைத்து, தமிழும் கிடைத்த பின்னர் அதை நாமே சுருக்கிக் கொள்வதா?

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தயாரிப்பு இல்லாத இடத்தில் யார் மேடை ஏறுவார்கள்? எப்போதும் ஏறுகிறவர்களே. கடைசி நேரத்தில் புத்தகம் யார் கைக்குப் போகும்? முன்வரிசைக்குத்தான். அன்று விறகு சுமந்தவர், முற்றம் பெருக்கிய அம்மா, நாற்காலி அடுக்கிய பையன்கள் ஆகியோரில் ஒருவர் பெயரும் வாசகர் பட்டியலில் இல்லை. எவரும் வேண்டுமென்று விலக்கவில்லை என்பார்கள். இருக்கலாம். ஆனால் எவரும் முன்கூட்டி அழைக்கவும் இல்லையே!

நம் ஊர் இதை மறந்துவிடக் கூடாது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745ஆம் ஆண்டின் செய்தி ஒன்றைச் சொல்கிறது. அந்நாளைய சம்பா கோயிலுக்குள் உயர்சாதிக் கிறிஸ்தவர்களையும் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. ஒடுக்கப்பட்டோர் திரண்டு சென்று முறையிட, மூத்த குரு அதை இடிக்கச் செய்தார். அந்தக் கோயிலும் 1761ஆம் ஆண்டுப் போரில் அழிந்து, பின்னர் புதிய கோயில் எழுந்தது. கல்லால் கட்டிய சுவரைக் கடப்பாரையால் இடிக்கலாம். பட்டியலில் எழும் சுவரை எதைக்கொண்டு இடிப்பது?

தயாரிப்பைக்கொண்டு இடிக்கலாம் என்பதே என் கருத்து. தவக்காலம் நாற்பது நாட்கள். அதன் முதல் ஞாயிறன்றே ஒன்பது வாசகங்களுக்கும் ஒன்பது பேரைத் தெருவுக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்கட்டும். சென்ற ஆண்டு வாசித்தவர் இந்த ஆண்டு விறகு அடுக்கட்டும். விறகு அடுக்கியவர் வாசிக்கட்டும். "அவருக்குச் சரளமாக வாசிக்க வராதே" என்பீர்கள். அதற்குத்தானே நாற்பது நாட்கள்! கல்லூரியில் படிக்கும் நாம் இருப்பது எதற்கு? மாலையில் அரை மணி நேரம் அருகில் உட்கார்ந்து, எங்கே நிறுத்துவது, எங்கே குரலை உயர்த்துவது என்று சொல்லிக் கொடுத்தால் போதாதா? பெரும்பாலும் தேர்வுக் காலத்தில்தான் இப்பெருவிழா வருகிறது. ஆயினும், அந்த அரை மணியால் எவரும் தோற்றுப் போவதில்லை.

இவ்வாண்டு எங்கள் தெருவில் ஒன்றைத் தொடங்கினோம். அந்த ஆலைப் பெரியவருக்குச் செங்கடல் வாசகம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, மூன்று வாரம் எங்கள் வீட்டுத் திண்ணையில் வாசித்துப் பழகினார். முதலில் தயங்கியவர், பின்னர் என் உச்சரிப்பையே திருத்தத் தொடங்கினார். அந்த இரவில் அவர் வாசித்தபோது ஒருவரும் செருப்பைத் தேடவில்லை. அடிமைகள் கடலைக் கடந்தது அன்றுதான் எனக்குக் காதில் விழுந்தது.

மாணவ நண்பர்களே! உங்கள் விழா எதுவாக இருந்தாலும், எந்தக் கோயிலாக இருந்தாலும், அந்த இரவில் விழித்திருப்பது எளிது. அதற்கு முன்னுள்ள நாட்களில், இதுவரை அழைக்கப்படாத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பாவு அங்கேதான் ஓடத் தொடங்குகிறது.