முதலில் பம்பு, பிறகு டர்போ



என் முன்னாள் மாணவன் ஒருவன் தன் பழைய மகிழுந்தில் டர்போ பொருத்தி, காற்றழுத்தத்தையும் கூட்டினான். எரிபொருள் பம்பை மட்டும் மாற்றவில்லை. பணம் தீர்ந்துவிட்டதாம்! தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறும் வழியிலேயே பிஸ்டன் உருகிற்று.

டர்போ காற்றை மிகுதியாகத் திணித்தால் பெட்ரோலும் அதற்கேற்ப மிகவேண்டும். எதிரழுத்தம் ஏற ஏறப் பழைய பம்பு தரும் அளவோ குறையும். பெட்ரோல் குறைந்த கலவை வெப்பமேறித் தட்டும். நெடிய ஏற்றத்தில் இயந்திரத்திற்கு ஓய்வும் இல்லை. ஆகவே பணம் குறைவாயின் டர்போ காத்திருக்கட்டும் என்பேன்.

மணிக்கு 255 லிட்டர் இறைக்கும் பம்பை வாங்கினாலும், பழைய மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் குறைந்தால் அதுவும் தளரும். தடித்த கம்பியும் தனி ரிலேயும் தேவை. தொட்டியில் எண்ணெய் வற்றவும் விடாதீர்கள். நம் மலை வளைவுகளில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கினால், எப்பேர்ப்பட்ட பம்பும் காற்றைத்தான் உறிஞ்சும்.