நூலகப் பக்கம்: அச்சம் மூவகை

இத்திங்கள் நம் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டவை நான்கு நாவல்கள். அவற்றோடு ரயிலடிப் புத்தகக் கடைகளில் தொங்கும் மாத நாவல்களைப் பற்றியும் சில சொற்கள் சொல்ல எண்ணியுள்ளோம். பேயும் தெய்வமும் வரும் கதை, மர்மக் கதை, இக்கால வாழ்வைக் கூறும் கதை என்று மூன்றாக வகுத்துக்கொண்டோம்.

தொடங்குமுன் ஒரு கடிதத்தைப் பற்றிக் கூறவேண்டும். கோபிநத்தத்திலிருந்து அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். சங்கத்து நூலகத்திலிருந்து தம் ஊருக்குப் புத்தகங்கள் அனுப்பும்போது பேய்க் கதைகளையும் துப்பறியும் கதைகளையும் அனுப்பினால் போதும் என்பது அவர் வேண்டுகோள். தம் ஊர் பட்ட துன்பத்தைக் கூறும் நூல்கள் வேண்டியதில்லை, அதை அனுபவித்தே தீர்த்தாயிற்று, பிள்ளைகளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று அவர் எழுதுகிறார். கடிதத்தைப் பலமுறை படித்தோம். இவ்வேண்டுகோளைத் தட்டிவிட நமக்கு மனம் வரவில்லை. அப்படியே ஏற்கவும் இயலவில்லை. எனவே முதலில் அவர் கேட்டவற்றைத் தந்து, பிறகு நம் கருத்தைச் சொல்கிறோம்.

அண்மையில் மைசூருக்குக் குடிவந்த அன்பர்களுக்காக ஒரு குறிப்பு. கோபிநத்தம், மாதேஸ்வரன் மலைக்கு அப்பால், காவிரிக் காட்டின் ஓரத்தில் உள்ள தமிழ் ஊர். அது அடங்கியிருந்த கொள்ளேகால் வட்டம், சென்னை இராஜ்யத்துக் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்ததாக இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழியாக எல்லைகள் திருத்தப்பட்டபோது அவ்வட்டம் மைசூர் இராஜ்யத்துக்கு வந்தது. 1997-இல் மைசூர் ஜில்லாவிலிருந்து சாமராஜநகர் ஜில்லா பிரிந்தபோது ஊரும் அதனோடு போயிற்று. நாமெல்லோரும் பிழைப்பை நாடி எல்லையைக் கடந்து வந்தவர்கள். கோபிநத்தத்தார் நின்ற இடத்திலேயே நின்றார்கள். எல்லைதான் அவர்களைக் கடந்து சென்றது. இன்று அவ்வூரின் பெயரைச் சொன்னால் கேட்பவர்கள் உடனே சொல்லும் மறுபெயர் வீரப்பன். அவன் 1952-இல் பிறந்த ஊர் அது.

பேயும் தெய்வமும்

2024-இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டுவிடு கருப்பா' இவ்வரிசையில் முதலாவது. இது 'மர்ம தேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' என்ற பெயரில் நாகாவின் இயக்கத்தில் தொலைக்காட்சித் தொடராக வந்தது. அதைப் பார்த்தவர் பலர். நாவலைப் படித்தவர் அவ்வளவு பேர் இல்லை என்று தோன்றுகிறது. தவறு செய்தவனைக் கருப்புசாமி தண்டிக்கும் என்று உறுதியாக நம்பும் ஓர் ஊர். அங்கே மரணங்கள் நேர்கின்றன. தெய்வத்தின் செயலா, மனிதனின் கையா என்ற கேள்வி கதை முழுதும் நம்மை இழுத்துச் செல்கிறது. சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த நம் குடும்பத்தாருக்குக் கருப்பின் இடத்தில் முனியப்பனை வைத்துப் பார்ப்பது எளிது. இரவில் முனியப்பன் கோயில் குதிரைச் சிலையைக் கடந்து நடந்தவர்களுக்கு இந்நாவலின் அச்சம் புதிதன்று.

இக்கதையில் நமக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கருப்பைக் கண்டு நடுங்க வேண்டியவன் குற்றம் செய்தவன் மட்டுமே. மடியில் கனமில்லாதவன் வழியில் பயமின்றி நடக்கலாம். அச்சத்துக்கும் ஒரு நியாயம் இருப்பதால், படித்து முடித்தபின் நிம்மதியாக உறங்க முடிகிறது.

பேய்க் கதை என்றதும் புதுமைப்பித்தன் 1943-இல் வெளியிட்ட 'காஞ்சனை' சிலருக்கு நினைவு வரும். அது சிறுகதை; இம்மாத வரிசையில் சேராது. ஆயினும், விளக்கம் சொல்லாமல் விட்டுவிடும் அச்சம் எவ்வளவு நாள் உடன் வரும் என்பதை அறிய விரும்புகிறவர் அதையும் எடுத்துப் படிக்கலாம்.

துப்பும் மர்மமும்

சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' குமுதத்தில் தொடராக வந்து புகழ்பெற்றது. பெருஞ்சொத்துக்கு உரிய இளம்பெண், பழைய மாளிகை, அங்கே உலவுவதாகச் சொல்லப்படும் ஆவி, இடையிடையே கொலைகள். வக்கீல் கணேஷும் அவனுடைய உதவியாளன் வசந்தும் சொத்து விவகாரமாகப் போய் இதில் சிக்கிக்கொள்கிறார்கள். ஆவி என்பதா, விஞ்ஞானம் என்பதா என்று நடக்கும் வழக்கே கதை. தீர்ப்பைச் சொல்லி உங்கள் சுவையைக் கெடுக்க மாட்டோம். இவ்வாசிரியரை நாம் உரிமையோடு நம்மவர் என்று சொல்லிக்கொள்ளலாம். எஸ். ரங்கராஜன் என்ற இயற்பெயருடைய இவர் (1935–2008), பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிந்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்குகொண்டார். வெளிமாநிலத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே தமிழில் எழுதினார். வேலைச் சுமையால் தமிழ் படிக்க நேரமில்லை என்று கூறும் நம் இளைஞர்கள் இதைச் சற்று எண்ணிப்பார்ப்பார்களாக.

மாத நாவல்களுக்கு வருவோம். கோவை ராஜேஷ்குமார் ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். பட்டுக்கோட்டை பிரபாகர், இருவர் சேர்ந்து ஒரே பெயரில் எழுதும் சுபா ஆகியோரும் இத்துறையில் பெயர்பெற்றவர்கள். கையடக்கமான அந்நாவல்களை வாங்கிக்கொண்டு மைசூரில் ரயிலேறினால் ஈரோடு சேருமுன் கொலையாளி அகப்பட்டுவிடுவான். ரயில்வேயில் வேலை பார்க்கும் நமக்கு, பயணிகள் இருக்கையில் விட்டுச் செல்லும் புத்தகங்களுள் இவையே மிகுதி என்பது தெரியும். இவற்றை இழிவாகப் பேசும் படித்தவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' காலந்தொட்டு நூறாண்டுக்கு மேலாகத் துப்பறியும் கதைகள் எத்தனையோ பேரைத் தமிழ் படிக்கப் பழக்கியிருக்கின்றன. கன்னடப் பள்ளியில் படித்துத் தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கும் நம் பிள்ளைகளுக்கு, அடுத்த பக்கத்தைத் திருப்பத் தூண்டும் புத்தகமே முதல் வாத்தியார்.

குறையையும் சொல்லவேண்டும். இக்கதைகளில் முதல் அத்தியாயத்தில் ஒருவர் இறக்கிறார். கடைசி அத்தியாயத்தில் குற்றவாளிக்கு விலங்கு மாட்டப்படுகிறது. இறந்தவரின் வீட்டில் மறுநாள் யார் அடுப்பு மூட்டினார்கள் என்பதைக் கதை கேட்பதில்லை. கேட்டால் வேகம் குறைந்துவிடும்.

கோபிநத்தத்தின் கதையும் வெளியுலகில் இப்படித்தான் பெரும்பாலும் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. ஒருவன் ஒளிகிறான், பலர் தேடுகிறார்கள், 2004 அக்டோபர் 18-ஆம் தேதி தர்மபுரி ஜில்லா பாப்பாரப்பட்டி அருகில் அவன் சுடப்படுகிறான், படம் முடிகிறது. 2013-இல் 'வன யுத்தம்' வந்தது. 2016-இல் கன்னடத்தில் 'கில்லிங் வீரப்பன்' வந்தது. கர்நாடக சர்க்காரின் சுற்றுலா நிறுவனம் அவ்வூரில் அமைத்த காட்டு முகாமுக்குச் சூட்டிய பெயர் 'மிஸ்டரி ட்ரெயில்ஸ்'. தமிழில் மர்மப் பாதைகள் என்று பொருள். ஊரே ஒரு மர்ம நாவல் ஆகிவிட்டது. அதில் ஊரார்தாம் இல்லை.

மனிதர்

இமையத்தின் 'செல்லாத பணம்' 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். பொறியியல் படித்த ரேவதி, பெற்றோரின் விருப்பத்தை மீறி ஆட்டோ ஓட்டும் ரவியை மணக்கிறாள். பிறகு ஒருநாள் தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். தானே வைத்துக்கொண்ட தீயா, பிறர் வைத்ததா? மர்மக் கதைக்கு உரிய கேள்விதான். ஆனால் இமையம் துப்பறிபவனை அனுப்பவில்லை. தீக்காயப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் தாயையும் தந்தையையும் உடன்பிறந்தானையும் காட்டுகிறார். கையில் பணம் இருக்கிறது. அதனால் ஆவது ஒன்றுமில்லை. மருத்துவமனை நடைபாதையில் ஓர் இரவேனும் உட்கார்ந்தவர்களால் இந்நாவலின் பல பக்கங்களை வேகமாகப் படிக்க முடியாது. பெண் மக்களைப் பெற்றவர்கள் அவசியம் படிக்கவேண்டும்.

இறுதியாக, கடிதம் எழுதிய அன்பர் அனுப்ப வேண்டாம் என்று சொன்ன வகையைச் சேர்ந்த நூல்: ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி'. ஆசிரியர் வழக்கறிஞர், மனித உரிமைப் பணியில் ஈடுபட்டவர். நாவல் 2004-இல் வெளிவந்தது. தொட்டி என்பது இங்கே மலைக் குடியிருப்பு. சத்தியமங்கலம் காட்டுப் பக்கத்துச் சோளகர்களைப் பற்றியது கதை. முதற்பாதியில் அவர்களுடைய காடு, ராகிக் கொல்லை, தேன், தெய்வம், பாட்டு, நிலம் கைநழுவும் துயரம் எல்லாம் வருகின்றன. இரண்டாம் பாதியில் வீரப்பனைத் தேடும் படை வருகிறது. சிவண்ணா, மாதி முதலானோர் படும் பாட்டை இங்கே விவரிக்க மாட்டோம். கருப்பின் கதையில் குற்றமற்றவன் அஞ்ச வேண்டியதில்லை என்றோம் அல்லவா? இந்நாவலில் குற்றமற்றிருப்பது எவருக்கும் காப்பாக இல்லை.

இது கற்பனையின் மிகை என்று எண்ணுவோர்க்குச் சில செய்திகள். தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்து இரு மாநில அதிரடிப் படைகள் மீதான புகார்களை விசாரிக்கச் செய்தது. 2007-இல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு தரப் பரிந்துரைத்தது. தடாச் சட்டத்தின்கீழ் கைதாகி நம் மைசூர்ச் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த கிராமத்தார் பலர், 2001-ஆம் ஆண்டில்தான் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. வீரப்பனால் உயிரிழந்தவர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள். 1991 நவம்பரில் கோபிநத்தத்துக்கு அருகே அவனால் கொல்லப்பட்ட வன அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ், அவ்வூருக்கு மாரியம்மன் கோயில் எழுப்ப முன்னின்றவர். அவருக்கு மறைவுக்குப்பின் கீர்த்தி சக்ர விருது அளிக்கப்பட்டது. ஊரார் அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். 1993 ஏப்ரலில் பாலாற்றருகே வைத்த கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். 2000-இல் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டுக் காட்டில் இருந்த 108 நாட்களும் பெங்களூரிலும் மைசூரிலும் தமிழ்க் குடும்பங்கள் எப்படிக் கழித்தன என்பது நம் மூத்த அங்கத்தினர்களுக்கு நினைவிருக்கும்.

அன்பருக்கு நம் மறுமொழி

தாங்கள் கேட்டபடி பேய்க் கதைகளும் துப்பறியும் கதைகளும் இத்திங்கள் கட்டில் வருகின்றன. அவற்றோடு 'சோளகர் தொட்டி' ஒரு பிரதியும் வைத்திருக்கிறோம். அதைத் தாங்கள் படிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அனுபவித்தவர்களுக்கு நாவல் எதற்கு? தங்கள் வீட்டு அலமாரியில் அது இருந்தால் போதும்.

பிள்ளைகளைப் பற்றியே நமக்குக் கவலை. அவர்கள் ஊரை விட்டு மைசூர், பெங்களூர், திருப்பூர் என்று வேலைக்குப் போகிறார்கள். எந்த ஊர் என்று கேட்கிறார்கள். பெயரைச் சொன்னதும் எதிரிலிருப்பவர் மீசையை முறுக்கிக் காட்டிச் சிரிக்கிறார். அவர்களுக்கும் தங்கள் ஊரைப் பற்றித் தெரிந்தது சினிமாவில் கண்டதாகவே இருந்துவிட்டால், சிரிப்பவருக்குச் சொல்ல என்ன இருக்கும்? பெற்றோர் நிம்மதிக்காக மௌனம் காக்கிறார்கள். அந்த மௌனத்தில் துப்பாக்கிக் கதை மட்டும் மிஞ்சுகிறது. காட்டோர மக்களை மக்களாகவே எழுதிய தமிழ் நாவல் ஒன்று இருக்க, அது அப்பிள்ளைகளின் கைக்கு எட்டாமற்போவது நியாயமன்று என்பது நம் துணிபு.

இரண்டாம் பாதி மிகக் கொடியது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களிடம் அதைத் தனியே கொடுக்க வேண்டாம். முதற்பாதியை வீட்டுப் பெரியவர் ஒருவர் மாலை வேளையில் உரக்கப் படிக்கலாம். தமிழ் எழுத்து அறியாத பிள்ளைக்கும் காது உண்டு. மீதியை எப்போது, எவ்வளவு சொல்வது என்பதைத் தாங்களே தீர்மானியுங்கள். அவ்வுரிமை தங்களுடையது, நம்முடையது அன்று. வேண்டாமென்று பிரதியைத் திருப்பி அனுப்பினாலும் நமக்கு வருத்தமில்லை. அடுத்த கட்டிலும் தங்களுக்குப் பேய்க் கதைகள் தவறாமல் வரும்.

மேற்கண்ட நான்கு நாவல்களும் சங்கத்து நூலகத்தில் உள்ளன. எடுத்துச் செல்பவர்கள் பதினைந்து நாட்களுக்குள் திருப்பித் தரவேண்டுகிறோம், பிறரும் காத்திருக்கிறார்கள். அடுத்த இதழில் பெருமாள்முருகனின் 'பூக்குழி'யைப் பற்றி எழுத எண்ணியுள்ளோம். அதற்குமுன் படித்துவிட்ட அன்பர்கள் தம் கருத்தை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினால் இப்பக்கத்தில் சேர்த்துக்கொள்வோம்.